மேசைத்திரையும் கைப்பழக்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இன்று நாம் கணினியின் முகத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. நமது படிப்பகத்தில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டும் பழையவை. அவற்றில் இனி எவ்வகைத் திரையை அமைப்பது என்னும் கேள்வி செயற்குழுவின் முன் இருக்கிறது. மூன்று கூட்டம் கூடியும் முடிவு ஏற்படவில்லை. ஒருவர் எதனை மிக எளியது என்று புகழ்ந்தாரோ அதனையே மற்றொருவர் தலைவேதனை என்று தள்ளினார். ஒரே பொருள் ஒருவர்க்கு எளிதாகவும் மற்றவர்க்கு அரிதாகவும் தோன்றுவது ஏன்? இதற்கு விடை காணாமல் வாக்கெடுப்பு நடத்திப் பயனில்லை என்பது எமது கருத்து.

கணினியை இயக்கியவுடன் தோன்றும் முகப்பை ஆங்கிலத்தில் டெஸ்க்டாப் என்கிறார்கள். மேசையின் மேற்பரப்பு என்பது அதன் பொருள். இங்கே அதனை மேசைத்திரை என்றே சொல்லிக்கொள்வோம். இப்பெயர் வந்த வரலாறு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சிறிது பெருமை தருவது. முற்காலத்துக் கணினியில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் இயந்திரம் முறைத்துக்கொண்டு நிற்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலிருந்த ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 1973ஆம் ஆண்டு ஆல்டோ என்னும் கணினி உருவாயிற்று. அதன் வழியில் 1981இல் ஸ்டார் என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்தவர்கள் ஓர் அலுவலக ஊழியனின் எதிரில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தார்கள். தாள், கோப்பு, கோப்பு அடுக்கும் பேழை, வந்த தபால் தட்டு, போகும் தபால் தட்டு. இவற்றின் சிறு படங்களையே திரையில் வரிசையாக வைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று பயிலும் மேசைத்திரை ஒரு குமாஸ்தாவின் மேசையைப் பார்த்து எழுதிய படமே! பின்னர் ஆப்பிள் நிறுவனத்தார் 1983இல் லிசாவையும் 1984இல் மெக்கின்டாஷையும் கொணர்ந்தபோது குப்பைக்கூடையும் மேசைமீது ஏறிற்று. மேசைக்கு அடியில் கிடக்கவேண்டியது மேலே வந்ததை நம் அலுவலகங்களில் எந்த மேற்பார்வையாளரும் ஒப்பியிருக்கமாட்டார்.

இம்மேசையில் கையாகப் பயன்படும் சுட்டியை டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் 1968 டிசம்பர் 9ஆம் நாள் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பேரவையின் முன் இயக்கிக் காட்டினார். அது நிற்க.

இனி நம் வீட்டிற்கு வருவோம். சமையலறையை எண்ணிப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் குழியில், சீரகம் எந்தக் குழியில் என்பது வீட்டம்மையாரின் கைக்குத் தெரியும். கண்ணைக் கேட்க வேண்டுவதில்லை. அதே அம்மையார் சம்பந்தி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால் உப்பு டப்பாவைத் தேடுவார். அவருக்குச் சமையல் தெரியாது என்று யாரேனும் சொல்வார்களா? சொல்லத்தான் துணிவார்களா? ரயில்வே முன்பதிவு அறையிலும் இதனைக் காணலாம். 1985-86ஆம் ஆண்டுகளில் புது தில்லியில் தொடங்கிப் பிற நகரங்களுக்குப் பரவிய அம்முறையில் நெடுங்காலம் வெறும் எழுத்துத் திரைகளே இருந்தன. படமும் இல்லை, சுட்டியும் இல்லை. புதிதாக வருபவர்க்கு அது ஓர் இருட்டறை. ஆனால் பழகிய ஊழியரின் விரல்கள், சன்னலுக்கு வெளியே இருப்பவர் வண்டியின் பெயரைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த கட்டத்திற்குப் போய்விடும். அவர்க்கு அதனினும் எளிய திரை வேறில்லை. ஆகவே எளிமை என்று நாம் வழங்குவதில் பெரும்பங்கு கைப்பழக்கமே என்று தெரிகிறது.

பழக்கத்தைக் கலைத்தால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95 பதிப்பில் இடப்புறக் கீழ் மூலையில் ஸ்டார்ட் என்னும் பொத்தான் முதன்முதலாக வைக்கப்பட்டது. எதைத் தொடங்கவேண்டுமாயினும் அம்மூலைக்குப் போகவேண்டும் என்பதை உலகம் பதினேழு ஆண்டுகள் பயின்றது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. பொத்தானைக் காணோம்! விரலால் தொட்டு இயக்கும் பலகைக் கணினிகளுக்கும் மேசைக் கணினிகளுக்கும் ஒரே முகம் வேண்டும் என்று அதனைச் செய்தவர்கள் கருதினார்கள். கருத்து பொருளற்றது அன்று. ஆயினும் சுட்டியோடு அமர்ந்திருந்த கோடிக்கணக்கான மக்கள் அந்த மூலையில் வெறுமையைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய பட்டியலும் புதுக்கோலத்தில் திரும்பியது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதே பொத்தானைக் கீழ்ப்பட்டையின் நடுவே நகர்த்தியது. ஆயினும் வேண்டுவோர் அதனை இடப்புறமே வைத்துக்கொள்ள வழி விட்டிருந்தது. பட்டறிவு வீண்போகவில்லை.

விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் உலகத்தில் இக்கதை இன்னும் சுவையானது. அங்கே மேசைத்திரை ஒன்றன்று, பல. ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் என்பவர் 1996 அக்டோபர் 14ஆம் நாள் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகத்தோடு இருப்பதால் சாதாரண மனிதன் திகைக்கிறான்; எல்லாவற்றிற்கும் பொதுவான முகம் ஒன்று செய்வோம் என்பது அதன் கருத்து. கே.டி.ஈ. என்னும் மேசைத்திரை அவ்வாறு பிறந்தது. அதன் அடிப்படையாக இருந்த கருவித் தொகுதியின் உரிமை விதிகள் முழு விடுதலை தரவில்லை என்ற மனக்குறையால் 1997 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டவரான மிகேல் தெ இகாசாவும் பெடெரிகோ மேனாவும் ஜினோம் என்னும் மற்றொன்றைத் தொடங்கினார்கள். ஒலிவியே பூர்தான் என்பவர் தொடங்கிய எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்பதும் அக்காலத்ததே.

ஜினோமின் இரண்டாம் பதிப்பு 2002இல் வெளிவந்து நன்கு வேரூன்றியது. 2011 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பு வந்தது. திறந்துள்ள நிரல்களை வரிசையாகக் காட்டும் பட்டையை எடுத்துவிட்டார்கள். சன்னலைச் சுருக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் பழகியவர்கள் கொதித்தெழுந்தார்கள். லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்களே அதனை வெளிப்படையாகக் கடிந்து எக்ஸ்.எஃப்.சி.ஈ.க்கு மாறினார். சில காலம் கழித்து ஜினோமுக்கே திரும்பினார் என்பது வேறு செய்தி. அர்ஜென்டினாவில் ஒருவர் பழைய இரண்டாம் பதிப்பின் நிரலை எடுத்துத் தனியே வளர்க்கத் தொடங்கினார். தம் நாட்டு மக்கள் தேநீர்போல் அருந்தும் மாட்டே என்னும் பானத்தின் பெயரையே அதற்கு இட்டார். லினக்ஸ் மிண்ட் குழுவினர் புதிய அடித்தளத்தின்மேல் பழைய தோற்றத்தை அமைத்துச் சின்னமன் என்று பெயரிட்டார்கள். இலவங்கப்பட்டை! நம் சமையலறைச் சரக்கு ஒன்று அங்கும் போய் அமர்ந்திருக்கிறது.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? நம் காலனியில் பல வீடுகளில் நிகழ்வதைக் கண்டதனால் சொல்கிறோம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பேரனிடம் கேட்டுக் கேட்டுக் கணினியைப் பழகியிருப்பார். ஓய்வூதியக் கணக்குப் பார்ப்பார். ஊரிலுள்ள தமக்கையின் முகத்தைத் திரையில் கண்டு பேசுவார். ஒருநாள் காலை திரை மாறியிருக்கும். புதுப்பதிப்பு தானாக இறங்கியிருக்கலாம். பேரனே அழகு கருதி எல்லாவற்றையும் கறுப்பாக்கி, படங்களைக் கடுகளவு சுருக்கியிருக்கலாம். பெரியவர் சற்று நேரம் தேடிவிட்டு மெல்ல எழுந்துவிடுவார். “நமக்கு மூளை மழுங்கிவிட்டதப்பா” என்பார். கணினியைப் பற்றி இக்காலனியில் நாம் கேட்ட சொற்களுள் இதுவே மிகவும் வருத்தம் தந்த சொல். லினக்ஸின் கருவையே எழுதியவர் புது மேசையில் இடறிக் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். அவர் மூளையை யாரும் குறை சொல்லவில்லை; அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மேசையைத்தான் குறை சொன்னார். நம் பெரியோர்கள் மட்டும் தங்களையே ஏன் நொந்துகொள்ளவேண்டும்?

அங்ஙனமாயின் எளிமை முழுவதும் பழக்கந்தானா, நல்லது கெட்டது என்பதே இல்லையா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். உண்டு. 1954ஆம் ஆண்டு பால் பிட்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் கையின் இயக்கத்தை அளந்து ஒரு விதி கண்டார். குறி தொலைவில் இருக்க இருக்கவும், சிறுத்திருக்கச் சிறுத்திருக்கவும், கை அதனை எட்ட நேரம் மிகுதியாகும் என்பது அவ்விதியின் சாரம். இது பழக்கத்திற்குக் கட்டுப்பட்டதன்று, உடம்பிற்குக் கட்டுப்பட்டது. மெக்கின்டாஷில் பட்டியல் வரிசை திரையின் உச்சி விளிம்பில் ஒட்டியிருப்பதன் நயம் இதனால் விளங்கும். சுட்டியை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் அது விளிம்பில் முட்டி நின்றுவிடும். குறி தப்புவதற்கு வழியில்லை. நடுங்கும் கைக்கும் மங்கிய கண்ணுக்கும் பெரிய எழுத்து, பெரிய பொத்தான், தெளிவான நிற வேறுபாடு ஆகியவை எந்நாட்டிலும் எளிமையே.

இரட்டைச் சொடுக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பைத் திறக்க இருமுறை விரைந்து சொடுக்கவேண்டும். இடையில் கை அசையக்கூடாது. இளைஞர்க்கு இது மூச்சுவிடுவதுபோல. எழுபது வயதில் விரல் மூட்டு வீங்கியவர்க்கு இது ஒரு சோதனை. முதற்சொடுக்கிற்கும் இரண்டாவதற்கும் இடையே சுட்டி வழுக்கி, கோப்பு வேறெங்கோ போய் விழும். கே.டி.ஈ. மேசைத்திரையில் பல ஆண்டுகளாக ஒரு சொடுக்கே முதல் அமைப்பாக இருந்தது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 பதிப்பில் அதனை இரட்டைச் சொடுக்காக மாற்றினார்கள். வேறு திரைகளில் பழகி வருவோர் இரட்டைச் சொடுக்கையே எதிர்பார்க்கிறார்கள் என்பது காரணம். பார்த்தீர்களா! உடம்பிற்கு எளியது ஒன்று; கூட்டத்தின் பழக்கம் மற்றொன்று. பழக்கம் வென்றது. ஆனால் ஒரு சொடுக்கு வேண்டுவோர் அமைப்புப் பகுதியில் அதனை மீட்டுக்கொள்ள இடம் வைத்தார்களே, அதுதான் நாம் போற்றும் பண்பு. மற்றத் திரைகளிலும் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இடக்கைக்காரர்கள் சுட்டியின் பொத்தான்களை மாற்றிக்கொள்ளலாம். இவ்வசதிகள் இருப்பதையே நம்மில் பலர் அறியோம்.

எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடலாமா? ரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த இக்கூட்டத்தில் இதற்கு விடை சொல்வது எளிது. கைகாட்டி மரத்தின் நிறத்தை ஸ்டேஷன் மாஸ்டர் தம் விருப்பப்படி மாற்றலாமா? மாற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அதே ஸ்டேஷன் மாஸ்டர் தம் மேசையில் மைக்கூட்டை வலப்புறம் வைப்பாரா, இடப்புறம் வைப்பாரா என்பதில் எந்த விதிப்புத்தகமும் தலையிடாது. கணினியிலும் கைகாட்டிகள் உண்டு, மைக்கூடுகளும் உண்டு. கண்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் படி எடுக்கும், வி அழுத்தினால் ஒட்டும் என்பது கைகாட்டி. அது எங்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். பின்புலப் படமும் எழுத்தின் அளவும் பட்டை இருக்கும் பக்கமும் மைக்கூடுகள். சன்னலை மூடும் பொத்தான் இவ்விரண்டிற்கும் இடையில் கிடந்து அல்லற்படுகிறது. மெக்கின்டாஷில் அது இட மூலையில். விண்டோஸில் வல மூலையில். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையினர் 2010இல் இடப்புறம் கொண்டுபோய், 2017இல் மீண்டும் வலப்புறம் கொணர்ந்தார்கள். இடையில் எத்தனை பேர் கைதவறினார்களோ!

விருப்பங்களைப் பெருக்குவதிலும் ஒரு கேடு உண்டு. ஜினோம் உழைப்பாளருள் ஒருவரான ஹேவக் பென்னிங்டன் 2002ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு விருப்ப அமைப்புக்கும் ஒரு விலை உண்டென்று வாதித்தார். மிகுதியானால் தேடுவது எதையும் கண்டெடுக்க இயலாது. நிரல் எழுதுவோர் அத்தனை சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்கவும் இயலாது என்பது அவர் கட்சி. நம் உணவு விடுதிகளில் பரிமாறுபவர் ஒரே மூச்சில் முப்பது பலகாரங்களை ஒப்புவிப்பார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு “இரண்டு இட்லி” என்போம். ஆதலால் இட்லி நன்றாக இருக்கவேண்டும். முதல் அமைப்பைச் செம்மையாகச் செய்துவிட்டு, மேற்கொண்டு வேண்டுவோர்க்குக் கதவைத் திறந்து வைப்பதே முறை. கதவையே சுவராக்கிவிடுவதில்தான் எமக்கு உடன்பாடில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு விருப்பம் உண்டு; அதனை விருப்பம் என்று சொல்வதும் குறைவே. மேசைத்திரையைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ளோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜினோமிலும் கே.டி.ஈ.யிலும் தன்னார்வத் தொண்டர்கள் ஊதியம் கருதாது தமிழாக்கம் செய்திருக்கிறார்கள். விண்டோஸிலும் தமிழ் முகம் உண்டு. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸும் இந்திய மொழிகளைக் கருத்தில் கொண்டே எழுந்தது. தமிழாக்கத்தில் சில சொற்கள் முதலில் இடறத்தான் செய்யும். கோப்பு என்பது நமக்குப் புதிதன்று. அடைவு என்பது சிலரை ஒரு நொடி நிறுத்தும். ஆயினும் நம் குழந்தைகளின் நிலையை எண்ணுங்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் காதால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாம் கற்பிக்கும் எழுத்து அடுத்த ஞாயிறு வருமுன் பாதி மறந்துவிடுகிறது. திற, மூடு, தேடு, சேமி, வெட்டு, ஒட்டு, அச்சிடு என்னும் சொற்கள் நாள்தோறும் ஐம்பது முறை கண்ணெதிரே நின்றால் அதனினும் நல்ல அரிச்சுவடி உண்டோ? அவர்கள் பாடம் என்று அறியாமலே படிப்பார்கள்.

எழுத்தைத் தட்டுவதிலும் சண்டை வேண்டுவதில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை ஏற்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலுமாக அமைந்த அதுவே கற்பதற்கு ஒழுங்கானது என்பது எமது எண்ணம். ஆனால் தட்டச்சுத் தேர்வில் தேறி முப்பது ஆண்டு பழைய இயந்திரத்தில் விரல் தேய்ந்த பெரியவரிடம் போய் அதனைச் சொல்லமாட்டோம். அவர்க்குத் தட்டச்சு முறை. ஆங்கில எழுத்தின் ஒலிவழியே தமிழ் தட்டும் பெண்களுக்கு அஞ்சல் முறை. மூன்றும் ஒரே கணினியில் இருக்கலாம்.

படிப்பகக் கணினிகளைப் பற்றிய எமது யோசனையைச் செயற்குழு ஆராயுமாறு வேண்டுகிறோம். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 பதிப்பின் பொதுவான ஆதரவு முடிந்தது. பழைய இயந்திரங்களை வைத்திருப்போர் லினக்ஸை நாடுவது இன்று பல இடங்களிலும் காணும் செயல். நினைவகம் குறைந்த கணினியில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. மூச்சிரைக்காமல் ஓடும், கீழே பட்டை, இட மூலையில் பட்டியல் என்று பெரியோர் கண்ட கோலத்திலேயே அதனை அமைக்கலாம். மற்றொன்றில் சின்னமன் இருக்கட்டும். யாவற்றிலும் முக்கியமானது, வருவோர் அனைவர்க்கும் ஒரே நுழைவுப் பெயர் இருப்பதை ஒழிப்பது. ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஒருவர் திரையை மற்றவர் கலைக்க இயலாது. தாத்தாவுக்குத் தமிழும் பெரிய எழுத்தும். பேரனுக்குக் கறுப்புப் பின்புலமும் கடுகுப் படமும். இயந்திரம் ஒன்றே, மேசை அவரவர்க்கு.

அச்சு இயந்திரமும், ஓய்வூதியர்கள் நவம்பர் மாதத்தில் உயிர்ச்சான்று அளிக்கப் பயன்படுத்தும் கைரேகைக் கருவியும் புதிய அமைப்பில் இயங்குமா என்பதை முன்னரே சோதிக்கவேண்டும். இயங்காவிடில் அதற்கென ஒரு வழியை ஏற்படுத்திய பின்னரே பழையதைத் தொடவேண்டும். கைப்பேசியில் முகம் காட்டிச் சான்று அளிக்கும் முறை 2021 முதல் இருக்கிறது என்பதையும் பெரியோர்க்கு நினைவூட்டுகிறோம்.

நிறுவாமலே லினக்ஸைச் சிறு நினைவகக் குச்சியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது கலையாது. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு இரண்டு கணினிகளிலும் இரண்டு திரைகள் அவ்வாறு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அறுபது வயது கடந்தவர்கள் முதலில் அமரவேண்டும். இளைஞர்கள் பின்னால் நிற்கலாம், கேட்டாலன்றிக் கையை நீட்டக்கூடாது. எது வசதி, எது இடைஞ்சல் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போடப்பட்டிருக்கிறது. அனைவரும் வருக, மூக்குக் கண்ணாடியை மறவாமல் கொண்டு வருக.